மார்லீன் கேம்பருக்குக் கரண்ட் போட்ட கதை

கடீனாவில் எனக்கு முடி வெட்டுகிறவள் மார்லீன் ட்ரெலோர். வீட்டை ஒட்டியிருந்த கார் ஷெட்டைச் சலூனாக்கி, ஒரே ஒரு நாற்காலி போட்டு நடத்துகிறாள். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த புதிதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் வேறு கடைக்குப் போகவில்லை. கத்தரி ஓடுகிற வேகத்திலேயே அவளுக்குப் பேச்சும் ஓடும். அவள் வீட்டுக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்று இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

சலூன் ஜன்னலுக்கு எதிரே, வேலியோரமாக, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற பழைய கேம்பர் ஒன்று நிற்கும். மூடியிருந்தால் இடுப்பளவு உயரப் பெட்டி. கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் கூரை எழும்பும். இரண்டு பக்கமும் படுக்கைகளை வெளியே இழுத்தால் கித்தான் சுவர் வைத்த குட்டி வீடு. மார்லீனும் அவள் புருஷன் ராஸும் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வாங்கியது. ஈஸ்டர் வந்தால் ட்ரெலோர் குடும்பம் மொத்தமும் தெற்கே பெட்லர்ஸ் கோவ் கடற்கரைக்குப் போய்விடும். அங்கே குழிக்கழிப்பறை ஒன்று, மணல்மேடு, காற்று, மீன். கரண்ட்டும் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. அதற்காகத்தான் போவார்கள்.

அந்தப் பழக்கம் ராஸின் மூச்சால் நின்றது. வாலரூ தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறவன், ஆள் மலை மாதிரி. தூக்கத்தில் அவனுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு, காற்றை ஊதும் சின்ன மெஷின் ஒன்றோடுதான் இனி தூங்க வேண்டும், ஒரு ராத்திரிகூட விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். பெட்லர்ஸ் கோவ் கரையில் கரண்டுக்கு எங்கே போவது? அந்த வருஷம் "அடுத்த ஈஸ்டருக்குப் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார்கள்.

ராஸின் தம்பி டெரெக் அங்கே போவதை நிறுத்தவில்லை. தன் கேம்பரை விற்றுவிட்டு, குளிர்சாதனத்திலிருந்து டிவி வரை எல்லாம் உள்ள பெரிய கேரவன் ஒன்றை வாங்கியிருந்தான். ஒரு நாள் மார்லீனின் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கேம்பரைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏன் மார்ல், அந்தத் தகர டப்பாவ இன்னும் வெச்சிருக்க? குப்பைக்குத் தூக்கிப் போடு. என்னை மாதிரி ஒரு கேரவன் வாங்குங்க."

"குப்பைக்கு எதுக்கு? நான் அதுல பேட்டரி போடப்போறேன்."

"யாரு, நீயா? பல்பு போனா ராஸக் கூப்புடுற ஆளு நீ!"

"வாய மூடிட்டு உக்காரு டெரெக். கத்தி உன் காதுகிட்ட இருக்கு."

அதுவரை அவளே அப்படி ஒரு யோசனையை வைத்திருக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். வீம்புக்கு வாயில் வந்தது. வந்துவிட்ட பிறகு பின்வாங்க மனசில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கேம்பரின் உட்காரும் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. யார் யாரோ எந்தக் காலத்திலோ முறுக்கி டேப் சுற்றிய ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. "சீப்பே பார்க்காத தலை மாதிரி இருந்துச்சு," என்றாள்.

முதல் முயற்சி சொதப்பல். பழைய கார் பேட்டரி ஒன்றை உள்ளே வைத்து, அதிலிருந்து வீட்டுக் கரண்ட் மாதிரி ஆக்கித் தரும் மலிவான இன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி, ராஸைப் பின்முற்றத்தில் கேம்பருக்குள் படுக்க வைத்தாள். விடியும் முன்பே பேட்டரி தீர்ந்துவிட்டது. காலையில் அவள் காபி போட்டுக்கொண்டிருந்தபோது ராஸ், முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, தூங்காத கண்களோடு சமையலறைக்குள் வந்தான்.

"செத்துப்போச்சு," என்றான்.

"எது?"

"உன் பேட்டரி. நான் இல்ல. கொஞ்சம் விட்டிருந்தா நானும்தான்."

அன்றிலிருந்து அவள் சும்மா இருக்கவில்லை. மெஷினின் கையேட்டை எடுத்துப் படித்தாள். காற்றை ஊத மெஷினுக்குக் கொஞ்சம் கரண்ட்தான் தேவை. காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடு பண்ணுகிற பகுதிதான் மொத்தத்தையும் குடிக்கிறது. அதை அணைத்துவிட்டால் மூக்கு கொஞ்சம் காயும், அவ்வளவுதான். இன்வெர்ட்டரும் வேண்டாம், பேட்டரியிலிருந்து நேராக மெஷினுக்குப் போகிற தனி ஒயர் ஒன்று கடையில் கிடைக்கிறது. கார் பேட்டரி வண்டியைக் கிளப்பத்தான் லாயக்கு, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேறு பேட்டரி வேண்டும். இதையெல்லாம் முடி வெட்டிக்கொண்டே எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். அந்த மாதங்களில் என் கிருதாக்கள் கொஞ்சம் ஏற்றத்தாழ்வாகத்தான் இருந்தன.

லித்தியம் பேட்டரி வந்தது. கூரையில் போட இடமில்லாததால் மடித்து விரிக்கிற சோலார் தகடு வந்தது. வண்டி ஓடும்போதே பேட்டரியை நிரப்பும் சார்ஜரும் வந்தது. எல்லாவற்றையும் மாட்டி, காரோடு இணைத்து, எஞ்சினை ஓடவிட்டுவிட்டுப் பெருமையாக நின்றாள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் தீயும் வாடை. காரிலிருந்து வந்த ஒயர் மெழுகு மாதிரி இளகியிருந்தது. பதறிப்போய்ப் பிடுங்கி எறிந்தாள்.

ஒயர் மெலிசு. ஃப்யூஸோ பெரிசு. "பெரிய ஃப்யூஸ் போட்டா பத்திரம்னு நெனச்சேன்," என்றாள் அந்த வாரம். "ஃப்யூஸ் பேட்டரியக் காப்பாத்த இல்லையாம். ஒயரக் காப்பாத்தத்தானாம். ஒயர் சுடுறதுக்கு முன்னாடி அது போயிடணும். இது தெரியாம அந்தக் கித்தான் பெட்டிக்குள்ள என் புருஷனப் படுக்க வெச்சிருப்பேனே!" சொல்லும்போது அவள் கை நின்றுவிட்டது. நான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தாள்.

விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ, கேம்பரில் இருந்த எல்லா ஒயரையும், பழையது புதியது பார்க்காமல், உருவி முற்றத்தில் குவித்தாள். விரல் தடிமனுக்கு ஒயர் வாங்கினாள். முனைகளில் செம்பு வளையம் வைத்து அழுத்துகிற வேலையைத் துண்டு ஒயர்களில் பழகினாள். அழுத்தியதும் வளையத்தை வேலிக்கம்பியில் மாட்டி, முழு உடம்போடு இழுத்துப் பார்ப்பாள். கழன்றால் மறுபடி. சூடு பட்டால் சுருங்கி இறுகும் ரப்பர் குழாய்களைச் சலூன் டிரையரால் சுருக்கப் பார்த்தாள், நடக்கவில்லை. பெயிண்ட் உரிக்க ராஸ் வைத்திருந்த, சூடான காற்றை ஊதும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே முதல் ஃப்யூஸ், பிறகு விளக்குக்கு ஒன்று, தண்ணீர் பம்புக்கு ஒன்று, குளிர்பெட்டிக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று. எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்னத் திரையைக் கதவோரம் பதித்தாள்.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பலகையைத் தூக்கிக் காட்டினாள். ஒயர்கள் படிய வாரிப் பின்னிய சடை மாதிரி பலகையோடு ஒட்டி ஓடின. எங்கேயும் தொங்கல் இல்லை. நான் தொடப் போனேன். "பார்த்தா போதும்," என்று கையைத் தட்டிவிட்டாள்.

ராஸ் மறுபடி பின்முற்றத்தில் படுத்தான். காலையில் திரையைப் பார்த்தால் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். மறுநாளும் அப்படியே. மார்லீன் சலூனில் பாடிக்கொண்டே வேலை செய்தாள். ஈஸ்டருக்குச் சாமான் கட்ட ஆரம்பித்தாள். ராஸிடம் தூண்டிலை எடுத்து வைக்கச் சொன்னாள்.

"நான் வரல," என்றான் ராஸ்.

அவள் முதலில் விளையாட்டு என்று நினைத்தாள்.

"என்ன வரல? எல்லாம் வேலை செய்யுதே!"

"செய்யுது, மார்ல். சூப்பரா செய்யுது. நீ போயிட்டு வா."

"ராஸ், மூணு மாசமா ஒயரோட மல்லுக்கட்டின என் விரல் நகத்தப் பாரு. சொல்லு, என்ன விஷயம்?"

அவன் தூண்டில் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினான். பிறகு சொன்னான். "அது கித்தான் சுவரு. பக்கத்துலயே டெரெக், பசங்க எல்லாரும் இருப்பாங்க. ராத்திரி பூரா அது ஸ்ஸு ஸ்ஸுன்னு ஊதும். காலைல எவனாவது எட்டிப் பாத்தா, தும்பிக்கை வெச்ச யானை மாதிரி நான் படுத்துக் கெடப்பேன். என்னால முடியாது."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை ஈஸ்டர் வீட்டிலேயே கிடந்தது கரண்ட் இல்லாததால் மட்டுமில்லை. கரண்ட் இல்லை என்பது அவனுக்கு வசதியாக இருந்திருக்கிறது. கோபம் வந்தது. அதற்கு அடியில் பாவமாகவும் இருந்தது. கத்தவில்லை.

"சரி. நான் போறேன்," என்றாள்.

அவள் அதுவரை கேம்பரைத் தனியாக இழுத்துப் போனதில்லை. பெரிய வியாழனன்று மதியம் சலூனைப் பூட்டி, கேம்பரை அவளே காரில் மாட்டி, மெஷின் வைக்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கிளம்பினாள். அறுவடை முடிந்த பார்லி வயல்களின் ஓரமாக மெதுவாகவே போனாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பெட்லர்ஸ் கோவ் போய்ச் சேர்ந்ததும் காற்றுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றிக் கூரையைத் தூக்கி, சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் எரிந்தன. பம்பு தண்ணீர் கொடுத்தது. தனியாக உட்கார்ந்து ஒரு டீ போட்டுக் குடித்தாள். நன்றாக இருந்தது என்றுதான் சொன்னாள். பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் இருந்தவரைக்கும்.

மறுநாள் காலை, பெரிய வெள்ளிக்கென்று சுடுகிற சிலுவை போட்ட பன்னோடு டெரெக் வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். பலகையைத் தூக்கச் சொன்னான். குனிந்து பார்த்தவன் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"யாரு போட்டுக் குடுத்தா?"

"இந்தக் கைதான்."

"பொய் சொல்லாத!"

"கிருதா வெட்டுறப்போ இன்னொரு தடவ அப்படிச் சொல்லு, பாக்கலாம்."

டெரெக் சிரிக்கவில்லை. "அப்ப ராஸ் எங்க?"

மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள். டெரெக் பாதிப் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றான். பிறகு தன் யூட் வண்டியில், பின்பக்கம் திறந்த அந்தச் சரக்கு வண்டியில் ஏறிக் கடீனாவுக்குத் திரும்பிப் போனான்.

அங்கே நடந்ததை ராஸே என்னிடம் சொன்னான். டெரெக் உள்ளே வந்து, டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தானாம்.

"ஏன்டா, அந்தக் கேரவன் எதுக்கு வாங்கினேன்னு நெனச்ச?"

"காசு இருந்துச்சு, வாங்கின."

"எனக்கும் அந்த எழவு மெஷின் இருக்குடா. ரெண்டு வருஷமா! கெட்டிச் சுவரு, கதவு, பூட்டு, ஜன்னலுக்குத் திரை. அதுக்குத்தான் வாங்கினேன். எவனும் பாக்கக்கூடாதுன்னு."

ராஸ் வாயைப் பிளந்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். அண்ணனும் தம்பியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அப்பாவின் குறட்டைக்கு வீட்டுக் கூரை ஆடும் என்று ராஸ் ஞாபகப்படுத்த, டெரெக்குக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நீ மெஷின எடுத்துக்கிட்டுக் கெளம்பு," என்றான் டெரெக். "உனக்காக அவ பண்ணியிருக்கிற வேலைய ஒரு தடவ நின்னு பாத்தியா? என் கேரவன்ல கம்பெனிக்காரன் போட்ட ஒயரிங்கூட அவ்வளவு சுத்தமா இல்ல."

மதியம் யூட் திரும்பி வந்தபோது மார்லீன் கணவாய் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். கை நிறைய மை. ராஸ் மெஷின் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"எங்க வைக்கிறது?" என்றான்.

"அதுக்குன்னு எடம் விட்டிருக்கேன், கண்ணு. உள்ள போய்ப் பாரு."

சனிக்கிழமை வானம் மூடிக்கொண்டது. ஞாயிறும் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. சோலார் தகடு பேருக்குத்தான் கிடந்தது. திரையில் அளவு இறங்கிக்கொண்டே போனது. ராஸ் அதைப் பார்த்துப் பார்த்து, "வீட்டுக்கு ஓடிருவோமா மார்ல்?" என்று கேட்டபடி இருந்தான். அவள் பதறவில்லை. கரண்டிலும் கேஸிலும் ஓடுகிற குளிர்பெட்டியைக் கேஸுக்கு மாற்றினாள். விளக்கில் ஒன்றை மட்டும் விட்டாள். பிறகு கேம்பரை மடித்து, காரில் மாட்டி, ராஸையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர்வரை, கறி அடைத்துச் சுட்ட பாஸ்டி வாங்கப் போய்வந்தாள். போய்த் திரும்பும் நேரத்துக்குள் எஞ்சின் பேட்டரியை ஏற்றிவிட்டது. பாஸ்டியும் சூடாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வெயில் வந்தது. ராஸ் அங்கே தூங்கிய ராத்திரிகளில் மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. விடிந்ததும் பாறைக்குப் போய், கை நீள வைட்டிங் மீன் பிடித்து வந்திருந்தான். மார்லீன் எழுந்து வெளியே வந்தபோது, கேம்பருக்கும் டெரெக்கின் கேரவனுக்கும் நடுவே கட்டிய கயிற்றில் ஈரத் துண்டுகளோடு இரண்டு முகமூடிகளும் கழுவிக் காயப் போடப்பட்டிருந்தன. எல்லோரும் பார்க்கத்தான். கரையோரம் நின்ற பக்கத்து முகாம்காரர் ஒருவர் அவற்றைப் பார்த்து ராஸிடம் ஏதோ கேட்க, ராஸ் அவரைக் கையைப் பிடித்துக் கேம்பருக்கு அழைத்து வந்தான்.

"உள்ள வாங்க மேட். பலகையத் தூக்கிக் காட்டுறேன். எல்லாம் என் பொண்டாட்டி போட்டது," என்றான். "தொடாதீங்க. பார்த்தா போதும்."

மார்லீன் அவர்கள் பக்கம் போனாளாம். தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, அந்த ஆள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். மீன் வறுக்க நேரமாகிவிட்டது. ராஸே வறுத்தான்.