உப்புத் தண்ணீர் ஊற்றும் சித்ராதேவி

ஒரு லிட்டர் பாட்டிலில் இரண்டு சிட்டிகை உப்பைப் போட்டு, மூடியை இறுக்கிக் குலுக்குகிறாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். சரியாக இருந்தால் தலையை ஆட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, சட்டியில் இருக்கும் கீரையின் வேரைப் பார்த்து அந்த உப்புத் தண்ணீரை ஊற்றுகிறாள். நாலடி தள்ளி, நல்ல தண்ணீர் நிரம்பிய தொட்டி இருக்கிறது. அதை அவள் தொடுவதில்லை.

மூன்றாம் மாடி மதீனா பீவிக்கு இது பொறுக்காது. "உப்பை அடுப்புல வேகும்போது போட்டாப் பத்தாதா? செடியிலேயே போட்டு வளக்கணுமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்.

யாங்கோன் நகரத்தில், மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதையை ஒட்டிய ஆறு மாடிக் கட்டடம் எங்களுடையது. நான் ஆறாவது மாடி. என் கட்டிலுக்கு நேர் மேலே, மொட்டை மாடியில், இந்தப் பெண் த்வாண்டே ஊர் மண்சட்டிகளாக வரிசை கட்டி வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் சண்டைக்குத்தான் போனேன். கூரை ஒழுகினால் யார் பார்ப்பது? ஆனால் ஒழுகுவதற்கு அங்கே என்ன இருந்தது? பதினாலு சட்டிக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு லிட்டர். சண்டை போட விஷயமில்லாமல் திரும்பி வந்த எரிச்சல் எனக்கு இரண்டு நாள் இருந்தது.

சித்ராதேவிக்கு முப்பத்தொரு வயது. தெருமுனையில் காலை ஐந்தரைக்குத் தோசைக்கல் வைத்தால் எட்டரைக்கு மாவு தீர்ந்துவிடும். பர்மியர்களுக்கு அவள் 'மா சித்ரா', சித்ரா அக்கா. தோசையை எண்ணுவது பர்மிய மொழியில், கோபப்படுவது தமிழில். பர்மியப் பெண்களைப் போல மரப்பட்டை அரைத்த தனாக்கா விழுதை இடது கன்னத்தில் மட்டும்தான் பூசுவாள். கேட்டால், "வலது பக்கம் அடுப்புண்ணே. வேர்த்து வழிஞ்சு மாவுல விழும்" என்பாள். அரைக் கன்னத்தோடு அவள் சிரிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

புருஷன் பாலசந்தர் ஓமான் பாலைவனத்தில் குழாய் போடும் கம்பெனியில் இருக்கிறான். போய் இரண்டு வருஷம் முடியப்போகிறது. முதல் வருஷம் சமாளித்தான். பிறகு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேம்ப்பில் மூன்று வேளையும் உறைந்த கோழியும் பருப்பும். பதினோரு கிலோ இளைத்துவிட்டான். ஜூன் கடைசிக்குள் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "நாக்கு செத்துப்போச்சு, சித்ரா. சின்பாங் இல்லாம சோறு தொண்டைக்குள்ள போகல. நான் வந்துடுறேன்" என்று போன் போட்டான். சின்பாங் என்பது நம் புளிச்சகீரை. யாங்கோனில் பிறந்தவன் எந்தச் சாதி, எந்த மதமானாலும் அந்தப் புளிப்பில்தான் வளர்ந்திருப்பான்.

"வரட்டுமே, நல்லதுதானே" என்றேன் நான், உலகம் தெரியாதவன் மாதிரி.

"வந்தா பாக்க நல்லாத்தாண்ணே இருக்கும்" என்றாள் அவள். "அவுங்களுக்கு முப்பத்திமூணு வயசு. இறங்குன மறுவாரமே கட்டாயப் பட்டாளத்துக்குப் பேர் வந்துரும். அப்புறம் வெளிய போகவும் விடமாட்டாங்க. அங்கயே இருந்தா போன்லயாவது இருப்பாங்க."

அதனால் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். புளிப்பு அங்கேயே முளைக்க வேண்டும். பாலைவனத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. ஏப்ரல் மாதத்து மொட்டை மாடியைத்தான் கண்டிருக்கிறாள். அது போதும் என்று தொடங்கிவிட்டாள். கேம்ப்பில் குழாயில் வருவது உப்புக்கரிக்கும் போர்வெல் தண்ணீர். "எவ்வளவு உப்புங்க? கஞ்சிக்குப் போடற அளவா?" என்று போனில் கேட்டாள். அவன் அங்கே ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கஞ்சியில பாதி" என்றான். அவனால் மிச்சம் பிடிக்க முடிவது ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். அவனுக்குக் கிடைப்பதுதான் இங்கேயும். ஒரு சொட்டுக் கூடாது.

முதல் மாதம் எல்லாம் செத்தது. ஓமான் போகிற ஒருவரிடம் தீப்பெட்டியில் விதை கொடுத்தனுப்பி, "மண்ணை மேடு கட்டி மேல ஊனுங்க" என்று சொல்லியிருந்தாள். இந்த ஊரில் யாரானாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆறு மாதம் மழை பெய்கிற ஊரில் மேடு கட்டாவிட்டால் வேர் அழுகிவிடும். பாலைவனத்து மேடு மூன்றே நாளில் ரொட்டியாகக் காய்ந்தது. இங்கே அவளுடைய சட்டிகளிலும் அதே கதை. நாலு நாள் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஐந்தாம் நாள் மண்ணைத் தோண்டிக் குழி பறித்தாள். "நம்ம கை மேடு கட்டியே பழகிருச்சுண்ணே. அங்க எல்லாம் தலைகீழா யோசிக்கணும்" என்றாள். குழிக்குள் நிழலும் தங்கியது, ஈரமும் தங்கியது. ஆனால் சின்பாங் உப்புத் தண்ணீரில் பன்னிரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லை. முளைக்கீரை இரண்டு விரல் உயரம் வந்து கருகியது.

நின்றது பருப்புக்கீரை ஒன்றுதான். ரயில் பாதை ஓரத்தில் யாரும் சீந்தாமல் கிடக்கிற கீரை. அதற்கு வெயிலும் பொருட்டில்லை, உப்பும் பொருட்டில்லை. அடுத்த தீப்பெட்டியில் அதன் விதை போனது. அங்கேயும் முளைத்தது.

சமையலில் அடுத்த தகராறு. அவனிடம் இருப்பது ஒரு ரைஸ் குக்கர். ஆகவே இவளும் ரைஸ் குக்கரில்தான் செய்து பார்த்தாள், கரண்ட் வருகிற நேரம் பார்த்து. சுவிட்சைக் கரண்டியால் அழுத்திப் பிடித்தால் எண்ணெய் காயும், வெங்காயம் வதங்கும். கீரையைக் கடைசியில் போட வேண்டும், மூடக்கூடாது. கிளறினால் வழவழத்துவிடும். கணுவுக்குக் கணு மணல் ஒட்டியிருக்கும், மூன்று தண்ணீரில் அலச வேண்டும். அங்கே தண்ணீருக்கு எங்கே போவது? முதலில் துணியில் போட்டு உதறி, பிறகு ஒரே தண்ணீர். இதெல்லாம் கண்டுபிடிக்க மே மாதம் பாதி போயிற்று. அவன் சாப்பிட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா புளிப்பு இல்லையே" என்றான். அன்று அவள் தோசை வாங்க வந்தவர்கள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள்.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் மாடிக்கே போகவில்லை. நாலாம் நாள் விடியுமுன்னே, கடை போடுவதற்கு முன்னால் செடி இருக்கிறதா செத்ததா என்று பார்க்க ஏறியவள், தடதடவென்று இறங்கி வந்து என் கதவைத் தட்டினாள். "அண்ணே, இதக் கடிச்சுப் பாருங்க."

பல்கூடத் தேய்க்கவில்லை நான். கடித்தேன். கண்ணை மூட வைக்கிற புளிப்பு. மத்தியானம் அதே செடியிலிருந்து ஒரு இலை கொண்டு வந்தாள். சப்பென்றிருந்தது. ஒரு வாரம் என்னையும் மதீனா பீவியையும் ஆடு மாதிரி மேயவிட்டாள், விடியற்காலை ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. கடைசியில் தெளிந்தது இதுதான்: மூன்று நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு, சூரியன் வருவதற்குள் பறித்தால் புளிக்கும். காரணத்தைப் படித்தவர்கள் சொல்லட்டும். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஊரே குளிர்ந்து சிரிக்கிறது, இவள் மட்டும் வானத்தைத் திட்டிக்கொண்டு சட்டிகளுக்கு மேல் தார்ப்பாயைக் கட்டுகிறாள். நனைந்தால் செடி கொழுத்துப் புளிப்பு போய்விடுமாம். தார்ப்பாயின் ஒரு முனை என் கையில்தான் இருந்தது.

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அங்கே காலை ஆறரை, இங்கே ஒன்பது. போனைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னை மாடிக்கு அழைத்தாள். தொட்டிக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள், முன்னால் சோற்றுப் பானை, தட்டில் அவள் பறித்து வதக்கிய கீரை. திரையில் பாலசந்தர், கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் தட்டோடு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தட்டில் இருந்தது, அவள் சொன்னபடி மூன்று நாள் காயப்போட்டு அவன் பறித்தது, அவன் வதக்கியது.

ஒரு வாய் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான். அப்புறம் வேகமாக மென்றான். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். குனிந்த தலை நிமிரவில்லை. சித்ராதேவி தன் தட்டைத் தொடாமல் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புளிக்குதா?" என்றாள்.

"புளிக்குது" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். இன்னொரு வாய் மென்றுவிட்டு, "நாளைக்கு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுடுறேன், சித்ரா. ரெண்டு வருஷம்தானே" என்றான்.

"போடுங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான்தான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவன் தட்டில் சோறு தீர்ந்துபோயிற்று. விரலால் தட்டை வழித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவள் சட்டென்று பானைக்குள் அகப்பையை விட்டு, குவித்து ஒரு அகப்பைச் சோறு எடுத்து, என் கையிலிருந்த போனுக்கு நேராக நீட்டினாள்.