ஏரிக்கரைக்கு ஐந்தாவது ஆள்

செம்பவாங் கப்பல்பட்டறை குவார்ட்டர்ஸ் நண்பர்களுக்கு,

சிலேத்தார் ஏரிக்கரைக் காட்டுல ஒரு ராத்திரி தங்குற நம்ம திட்டம் ரெண்டு தடவை தள்ளிப்போயாச்சு. அனுமதி வாங்கிக் குடுத்த பட்டறைத் துரையே, "இன்னும் போகலையா?"ன்னு கேட்கிறார். எனக்கு இந்த அறைக்குள்ள இருப்புக் கொள்ளல.

இன்னிக்கு வேலை முடிஞ்சதும் சட்டைகூட மாத்தாம பஸ் ஏறிட்டேன். சிராங்கூன் ரோட்டுல ஒரு கடையில, கூடாரம் போட நாலு பேருக்குக் கித்தான் கேட்டேன்.

"யார் வீட்ல கல்யாணம்?"னு கேட்டார் கடைக்கார பாய்.

"பந்தலுக்கு இல்ல பாய். சனிக்கிழமை ராத்திரி காட்டுல படுக்க."

"ஏன் தம்பி, வீட்ல சண்டையா?"

கடையில இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. பாம்பு, கொசு, மழைன்னு பயமுறுத்திக்கிட்டே ஆற அமர அளந்தார்.

"சீக்கிரம் வெட்டுங்க லா, பஸ் போயிடும்."

கத்தரியை எடுத்தவர் வெட்டல. துணிக்கட்டுகளுக்கு நடுவுல சுருட்டி வச்சிருந்த தன் படுக்கையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"சனிக்கிழமை கடையைப் பூட்டிட்டு வந்தா, அங்க போக பஸ் இருக்குமா?"

அஞ்சு பேருக்கு வெட்டினார்.

சந்தோஷமா ஓடிவந்து சொன்னா, என்கூட வர்றதா இருந்த மூணு பேருக்கும் சனிக்கிழமை ஓவர்டைமாம்!

இப்போதைக்கு நானும் பாயும்தான். வர்றவங்க இதுக்குக் கீழே பேர் எழுதுங்க. வராதவங்க காரணம் எழுத வேண்டாம். போன தடவை எழுதினதே இன்னும் இந்த அறிவிப்புப் பலகையில தொங்குது.