ஏழாம் பகுதியில் விடுபட்ட வரி

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சி என் பொறுப்பு. அறிவிப்புப் பலகையை யாரும் நின்று படிப்பதில்லை என்பதால் பாடங்களைப் பாட்காஸ்டாக்கினேன். ஒடுகத்தூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் தொழிலாளர்கள் அவற்றைக் கேட்டார்கள். எழுதியவன் நான், வாசித்தவள் என் மனைவி. அவள் மறைந்த பிறகும் அந்தக் குரல் பஸ்ஸில் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஏழாம் பகுதி கழிவுநீர்த் தொட்டியைப் பற்றியது. வாசிக்கும்போது இருமல் வந்து, ஒரு வரியை விட்டுவிட்டாள். கவனித்தேன். மறுநாள் திருத்தலாம் என்றிருந்தேன்; மறுநாள் அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். அந்த வரிதான் பலகையில் இருக்கிறதே என்று அப்படியே விட்டுவைத்தேன்.

சென்ற மாதம் ஒரு காலை, தொட்டியின் பம்ப் அடைத்துக்கொண்டது. நான் போனபோது ஒருவர் துணி மாஸ்க்குடன் ஏணியில் இரண்டு படி இறங்கியிருந்தார்.

"மேல வாங்க! உடனே!"

"இன்னா சார், மாஸ்க் போட்டுக்கினுதானே இறங்கறேன்? பஸ்ல அம்மாவே சொல்லிக்கீறாங்க."

"காத்தை அளந்தீங்களா?"

"அத்த அவங்க சொல்லலியே சார்."

அவர் அசையவில்லை. என்னைவிட அந்தக் குரலை நம்பினார். நான் வாதாடவில்லை, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். முனகிக்கொண்டே ஏறி வந்தார். நச்சு வாயு இருந்தால் ஒலி எழுப்பும் வாயுமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். பாதி ஆழம் போவதற்குள் அது அலறியது.

ஏணியருகே நின்ற அவருடைய கூட்டாளி சொன்னார்: "உன் போட்டோவுக்கு மாலை போட இருந்தோம்டா. சாரு கெடுத்துட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. இறங்கியிருந்தவர் மாஸ்க்கைக் கழற்றி மடித்தார்.

மதியம் கேன்டீனில் அனைவரிடமும் சொன்னேன்: காற்றை அளக்காமல் எவரும் இறங்கக் கூடாது, அந்த வரி ஒலிப்பதிவில் இல்லை, தெரிந்தும் விட்டது என் தவறு, ஏழாம் பகுதியை நீக்கிவிட்டேன்.

ஃபினிஷிங் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப மத்ததெல்லாம் கரெக்டா சார்?"

என் மனைவி போன பிறகு அந்தப் பகுதிகளில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. கேட்க முடியவில்லை என்பதை அங்கே ஒரு காரணமாகச் சொல்லவும் முடியாது.

"இன்னிக்கே பாத்துச் சொல்றேம்மா" என்றேன்.

அறைக்கதவைச் சாத்தி, நான் எழுதிய தாள்களை மேசையில் விரித்து, முதல் பகுதியை ஓடவிட்டேன். அவள் வணக்கம் சொன்னாள். வரிக்கு வரி விரலை வைத்துத் தொடர்ந்தேன். மூன்றாம் நிமிடத்தில் நிறுத்தி, அவள் வாசிக்காமல் விட்ட ஓரிடத்தைப் பென்சிலால் குறித்தேன்.