எல்லைக்கு முன் இறங்கிய ஆட்டக்காரர்

போன கிழமை ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யில் வேலை முடிந்து மொன்றியலுக்கு வரும்போது மெட்ரோ ஆற்றுக்கு அடியில் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார்கள். இத்தனை வருடமாகியும் அந்த ஒலிபெருக்கிப் பிரெஞ்சு எனக்குப் பிடிபடவில்லை. கதவு திறக்காது, போனும் வேலை செய்யாது. பக்கத்திலிருந்த முதியவர் காற்சட்டையைச் சுருட்டி முழங்காலுக்கு நோவெண்ணெய் பூசத் தொடங்கினார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் சிவபாதம் அண்ணையின் நினைவு வந்துவிட்டது. அவருடைய முழங்காலும் எப்போதும் இப்படித்தான் மணக்கும்.

அண்ணை ஊரில் கரப்பந்தாட்டக்காரர். தான் எழும்பி அடித்த பந்தைத் தடுத்தவன் இல்லை என்பார். மறுத்துச் சொல்ல மொன்றியலில் யாரும் இருக்கவில்லை. நான் வந்து சேர்ந்த புதிதில் நிலக்கீழ் வீடொன்றில் ஐந்தாறு பேர் ஒன்றாக இருந்தோம். ஜன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். பின்னேரங்களில் நானும் அண்ணையும் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினோம். அங்கே அந்த ஜன்னலும் இல்லை. எங்கள் அகதி வழக்கு எப்போது விசாரணைக்கு வரும் என்பது லோயருக்கே தெரியாது. அதுவரை நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. அண்ணையின் அம்மா ஊரில் மோசம்போன சாவுச் செய்தி வந்த அன்று அவர் குசினிக் குளிரறைக்குள் போய் அழுதார். பிறகு வந்து மிச்சக் கோப்பைகளைக் கழுவினார்.

வீட்டுக்குக் கிட்ட ஒரு பூங்காவில், மழித்துவிட்டதுபோல ஒரு புல்தரை. வெள்ளை உடுப்புப் போட்ட வயதானவர்கள் பெரிய கறுத்த பந்துகளை ஒரு சின்ன வெள்ளைப் பந்தை நோக்கி உருட்டுவார்கள். யாருடைய பந்து கிட்டப் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. அண்ணை காலையில் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். கிளப்பின் தலைவி எல்சி, ஸ்கொட்லாந்துக்காரி, ஒருநாள் அவரைக் கூப்பிட்டார். அண்ணை எனக்குச் சொன்ன மொழிபெயர்ப்பில், "ஒண்டில் உள்ளை வா, இல்லாட்டில் போ. நீ நிண்டு பாக்க எனக்குக் கை நடுங்குது."

வெள்ளைக் காற்சட்டைக்கு எங்கே போவது? குசினிக் காற்சட்டையைத் தோய்த்து மினுக்கிப் போட்டுக்கொண்டு போனார். கிட்டப் போனால் வெங்காயம் மணக்கும்.

"இதுவும் ஒரு விளையாட்டே அண்ணை?" என்று நான் பகிடி பண்ணினேன்.

"நீ வந்து ஒருக்கா உருட்டிப் பார், பேந்து கதை."

போய் உருட்டினேன். பந்து வளைந்து பக்கத்துக்காரரின் காலடிக்குப் போனது. அதற்குப் பிறகு நான் கதைக்கவில்லை.

அண்ணை மழையிலும் போனார், காய்ச்சலோடும் போனார். கொஞ்சக் காலத்தில் அந்த அணியே அவரை நம்பித்தான் இருந்தது. ஒரு கோடையில் அமெரிக்காவில் நடக்கும் போட்டிக்கு அணி தெரிவானது. அண்ணை தன் நிலைமையைச் சொன்னார். பஸ் நிறைய வெள்ளை உடுப்புக் கிழடுகள், எல்லையில் உன்னை யார் கேட்கப் போகிறார்கள் என்று எல்சி சிரித்தார். அந்தக் காலத்தில் அது முழுப் பொய்யும் இல்லை. அண்ணை பஸ்ஸில் ஏறினார். துணைக்கு என்னையும் ஏற்றினார்.

எல்லைக்கு முன் கடைசி ஊரில், உருளைக்கிழங்குப் பொரியல் கடையடியில் பஸ் நின்றது. எல்லோரும் கோப்பி வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினார்கள். அண்ணை ஏறவில்லை.

"அம்மான்ரை செத்தவீட்டுக்கே நான் போகேலை," என்றார் என்னிடம். "பந்து உருட்டப் போய் மாட்டுப்படுறதே?"

எல்சியிடம் முதுகு பிடித்துவிட்டது என்றார். எல்சி தன் தொப்பியைக் கழற்றி, வெயில் கடுமை என்று சொல்லி அண்ணையின் தலையில் வைத்துவிட்டு ஏறினார்.

அன்று முழுக்க அந்தக் கடை வாசலில் கிடந்த மர வாங்கில் குந்தி இருந்தோம். தெருவின் முடிவில் சோதனைச்சாவடியின் கொடி தெரிந்தது. கார்கள் நின்று, ஒரு சொல் பேசி, போய்க்கொண்டிருந்தன. நாயொன்று சும்மா நடந்து அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது. அண்ணை பொரியலைத் தொடவில்லை.

"இப்ப ஆட்டம் துவங்கியிருக்கும்," என்றார். பிறகு, "இப்ப தோத்திருப்பினம்."

தோற்றுத்தான் வந்தார்கள். பஸ்ஸிலிருந்து எல்சி பந்துப் பையோடு இறங்கினார். உன்னுடைய முறை இன்னும் முடியவில்லை என்று அண்ணையைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சோளக்காட்டோரம் மேடும் பள்ளமுமாகப் புல். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். அண்ணையின் முதல் பந்து கல்லில் தட்டிச் சோளத்துக்குள் போய்விட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார்.

வதிவிட உரிமை பிறகு கிடைத்தது. ஊருக்குப் போனார், அம்மா இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் சொன்ன நாளுக்கு முன்னரே திரும்பி வந்து, கோடை முழுக்கப் புல்தரையில் நின்றார். வருடங்கள் போகக் கிளப்பில் ஆட்கள் குறைந்தார்கள். கடைசியில் அவரும் எல்சியும்தான் மிச்சம். எல்சி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, அண்ணை இரண்டு பக்கத்துக்கும் தானே உருட்டினார். வீட்டுக்கு வந்து எல்சிக்குப் போன் எடுத்து, இன்றைக்கும் நீங்கள்தான் வென்றீர்கள் என்பார்.

இப்போது அந்தப் புல்தரையில் கார்கள் நிற்கின்றன. அண்ணை மோசம்போய்விட்டார். அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் எல்சி என்னைப் போனில் கூப்பிட்டு, இன்று யார் வென்றது என்று கேட்பார். நீங்கள்தான் என்பேன். அந்த அழைப்பும் இப்போது வருவதில்லை.