தனியாகக் கிளம்பும் செல்

என் அம்மா பெரிய மார்க்கெட்டில் காய்கறி விற்கிறாள். இடது கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொண்டால்தான் அவளுக்கு வியாபாரமே ஓடும். நானோ வாய்ப்புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ச்சி செய்பவள். என் பேச்சு வீட்டில் எடுபடும் லட்சணம் அவ்வளவுதான்.

போன வருடம் அதே கன்னத்தில் ஆறாத புண். புற்றுநோய் என்று ரிசல்ட் வந்தது. புண்ணோடு கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"புண்ணு வாய்ல. கழுத்துல ஒண்ணுமே இல்லியே, அத ஏன் அறுக்கணும்? கையெழுத்து போடமாட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செல்களை ஒட்டவைக்கும் புரதம், அதை நிறுத்திவிடும் மரபணு என்று கொட்டித் தீர்த்தேன்.

"கிளாஸ் எடுக்காதடி, தல சுத்துது" என்றாள்.

கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். ஒரு செல் கழுத்துக்குப் போய்விட்டிருந்தால் அம்மா எனக்கு மிஞ்சமாட்டாள்.

மறுநாள் மார்க்கெட்டுக்கே போனேன். தக்காளிக் கூடை பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ படம் காட்டினேன். தட்டில் புற்றுநோய்ச் செல்களை நெருக்கமாக வளர்த்து, நடுவே செல்லே இல்லாதபடி ஒரு கோடு கீறி, மைக்ராஸ்கோப்பில் நான் எடுத்தது. ஒட்டும் புரதம் உள்ளவை கைகோத்தபடி மெல்ல நகர்ந்தன. அதை இழந்தவை நீண்டு, கழன்று, தனித்தனியாகக் கோட்டுக்குள் இறங்கின.

"இது என்னுதா?"

"இல்லம்மா. வேற யாரோடதோ. லேப்ல வளக்கறோம்."

"அந்தாளு பொழச்சானா?"

இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. "தெரியலம்மா" என்றேன்.

"தனியா கெளம்புதே, அது கழுத்துக்குப் போனா தொட்டுப் பாத்தா தெரியுமா?"

"மொதல்ல தெரியாது."

"இத அன்னிக்கே காட்டித் தொலைக்கறதுக்கு இன்னா? வா, கையெழுத்து போடறேன்."

அறுவை முடிந்து ரிப்போர்ட் வந்தது. ஒரே ஒரு முடிச்சில் புற்று இருந்தது; அதையும் எடுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தையல் பிரிக்கப் போன அன்று, பக்கத்து பெஞ்சில் ஒருவர் கழுத்தில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, இத பாருப்பா" என்றாள், வாய் குழறியபடி. "எம் பொண்ணு புடிச்ச படம்."

எத்தனையோ கருத்தரங்குகளில் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன். இவ்வளவு பெருமையாக என்னை யாரும் அறிமுகப்படுத்தியதில்லை.