கத்திரிச் செடிக்கு ஓ.டி.பி.

சிறு விவசாயிக்கு மலிவான பாசனக் கருவி வடிவமைக்கும் தொழிலில் ஒரே கஷ்டம், விவசாயி சொல்வது காதில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். ஊருக்கு நல்லது செய்யும் ஆபீசுகளில் காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

மஞ்சள் சீட்டு

"விவசாயிகளோடு சேர்ந்து வடிவமைப்போம்" என்று காஞ்சிபுரத்தில் ஏ.சி. மண்டபம் பிடித்தோம். ஆளுக்கு ஐந்து மஞ்சள் சீட்டு, ஒரு ஸ்கெட்ச் பேனா. தேவையை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். திருமுக்கூடல் பக்கம் நாற்பது சென்டில் கத்திரி போட்டிருந்த கன்னியம்மாள் பேனாவைத் தொடவேயில்லை. அவர் சொன்னதை நானே எழுதி ஒட்டினேன். எங்கள் மேலாளர் படித்துவிட்டு, "இதில் புதுமை இல்லையே" என்று உரித்துக் கசக்கினார். வெட்கமில்லாமல் நானும் தலையாட்டினேன். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "கையால திருகுற மாதிரி ஒரு வால்வு வைப்பா, போதும்."

லாக்கருக்குள் தண்ணீர்

சொட்டுநீர்க் குழாயோடு நாங்கள் வைத்தது பெட்டி வால்வு. பட்டனை அழுத்தினால் ஸ்மார்ட்போன் ஆப்புக்கு ஓ.டி.பி. போகும், அதைப் பெட்டியில் தட்டினால்தான் தண்ணீர். இருட்டினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். எல்லாம் திருட்டு பயமாம்! யார் திருடப் போகிறார்கள், கத்திரிச் செடிக்குப் போகும் சொட்டுத் தண்ணீரை?

கன்னியம்மாளிடம் இருந்தது பட்டன் போன். அதனால் மகன் நம்பரைப் பதிந்தோம். மகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. விடியுமுன் வேன் ஏறிவிடுவான், கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். அவன் வெளியே வரும்போது இருட்டியிருக்கும். பெட்டியில் கை வைத்தால் குழாய் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று கையெழுத்து வேறு வாங்கியிருந்தோம்.

சித்திரை வெயில். இந்தக் கத்திரியை நம்பித்தான் அவர் கூலி வேலையை விட்டிருந்தார். மேலே தொட்டி நிறையத் தண்ணீர், கீழே நாலே நாளில் பிஞ்சு உதிர்ந்தது. நான் போனபோது குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "நீயாவது அந்தக் கம்பெனி கேட்டாண்ட போய் போனை வாங்கியாறியா தம்பி?"

புதுமை

அடுத்த வாரம் மேலாளரோடு போனேன். பெட்டி வரப்பில் கிடந்தது. அந்த இடத்தில், வாலாஜாபாத் கடையில் வாங்கிய சாதாரண பிளாஸ்டிக் வால்வு ஒன்று. பாதிச் செடி பட்டுப்போயிருந்தது, மீதி துளிர்த்திருந்தது. கையெழுத்தைக் காட்டிக் குழாயைப் பிடுங்கிவிடுவாரோ என்று நான் பெட்டியை மறைத்து நின்றேன். மேலாளரோ முகமெல்லாம் பல்லாக, "விவசாயியே கண்டுபிடித்த புதுமை!" என்று போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினார். வால்வில் கை வைத்துச் சிரிக்கச் சொன்னார்.

கன்னியம்மாள் கை வைத்தார், சிரிக்கவில்லை. பிடுங்கிய காய்ந்த செடிகளை ஒரு கட்டாகத் தன் காலடியில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கே சொன்னேன், கேட்டிருந்தா இதுங்களும் காய்ச்சிக்கினு இருக்கும். இதையும் சேத்துப் புடி சார்."

அந்தப் போட்டோ இப்போது எங்கள் ஆபீஸ் வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது, காலடியில் கிடந்த செடிகளை மட்டும் கச்சிதமாக வெட்டிவிட்டு.