எண்ணெய் போட்ட தோல்

பழைய டிரம்ஸ் வாங்கி விற்பதில் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. காலம் என்றால் போன வருஷம்தான். பி.காம் முடித்துவிட்டு ஆம்பூரில் வீட்டு மாடியில் கடை. கடை என்றால் ஒரு போன். சிம்பல் என்கிற வெண்கலத் தட்டை எடுத்தால் விளிம்பை நகத்தால் தடவிப் பார்ப்பேன், விரிசல் இருந்தால் சிக்கும். கறுத்திருந்தால் துடைக்க மாட்டேன். பளபளப்பாக்கினால் விலை போச்சு என்று ஊருக்கெல்லாம் பாடம் வேறு எடுப்பேன்.

மாதனூரில் ஓர் அக்காவிடம் ஸ்நேர் டிரம் இருந்தது. அடியில் கம்பிகள் வைத்த சின்ன டிரம். ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை அவருக்கு. சர்ச் பேண்டில் அதை வாசித்த அவருடைய அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பித்தளை உடல், மேலும் கீழும் கன்றுத்தோல். இப்போது எல்லாரும் பிளாஸ்டிக்தான் மாட்டுகிறார்கள். அந்தப் பழைய தோலுக்காகவே பெங்களூர்க்காரர் ஒருவர் நல்ல விலை சொல்லியிருந்தார்.

அக்கா ஒரே கண்டிஷன் போட்டார். "ஞாயித்துக்கெழம கல்லறையில அப்பாவுக்கு ஜெபம் இருக்கு தம்பி. அங்க ஒரு வாட்டி அடிச்சிட்டு அப்பறம் எடுத்துனு போ. அவரு கடைசியா கேட்டது ஆஸ்பத்திரி மெஷின் சத்தம்டா."

"அவ்ளோதானக்கா? ரெடி பண்ணி எடுத்துனு வர்றேன்."

வீட்டில் வைத்துப் பார்த்தேன். மேல்தோல் காய்ந்து ஓரத்தில் கோடு விட்டிருந்தது. காய்ந்த தோலைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரன் என்ன செய்வான்? எண்ணெய் போடுவான். என் அப்பா தோல் பதனிடும் டேனரியில் இத்தனை வருஷமாகச் செய்வது அதைத்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு முறை தடவி வெயிலில் வைத்தேன். மெத்தென்று ஆனதும் சந்தோஷப்பட்டேன்.

ஞாயிறு, கல்லறையில் ஏழெட்டுப் பேர். ஜெபம் முடிந்ததும் அக்கா தலையசைத்தார். அடித்தேன். ஈரச் சாக்கை அடித்த மாதிரி தொப்பென்றது. திருகுகளை இறுக்கினேன். தோல் இழுபட்டதே தவிர, சத்தம் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. செருப்புத் தோல் பதப்படுத்தியது, டிரம் தோல் பதப்படுத்தாதது. விறைப்பாக இருந்தால்தான் அது பேசும்.

"இன்னாச்சிடா?" என்றார் அக்கா.

"தோல் காஞ்சிருக்குன்னு எண்ண போட்டுட்டேன்க்கா."

"காலேஜ் படிச்ச புள்ள!" என்று சொந்தக்காரர் ஒருவர் சிரித்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"வேலூர்ல வேற தோல் கெடைக்கும்க்கா. மாட்டித் தர்றேன்."

"வேற தோல அவரா அடிச்சாரு?"

அக்கா டிரம்மை வாங்கி, மண்டியிட்டு, கவிழ்த்து வைத்தார். கீழ்த்தோலில் நான் எண்ணெய் போடவில்லை. ஆனால் அது அடிக்கிற தோல் இல்லை. வெங்காயச் சருகு மாதிரி மெல்லியது, குச்சி பட்டால் கிழியும். சொல்ல வாயெடுத்தேன். அவர் குச்சியைக் கேட்கவே இல்லை. இரண்டு விரல் நுனியால் தட்டினார். கம்பிகள் சரசரவென்று அதிர்ந்தன. ஒரு நிமிஷம் தட்டியிருப்பார்.

"போதும். எடுத்துனு போ."

"வேணாம்க்கா. நீங்களே வெச்சிக்கங்க."

"எடுத்துனு போடா. ஊட்ல இருந்தா தெனம் தட்டினே இருப்பேன்."

பேசிய விலையைக் கொடுத்துவிட்டு பைக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். பெங்களூர்க்காரரிடம் எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன், வேண்டாம் என்றார். அதற்கப்புறம் அந்த டிரம்மை நான் யாருக்கும் காட்டவில்லை.